உதவி: டூம் 2 மேப் ஜிஇசட்டூமில் ஓடுகிறது, சாக்லேட் டூமில் படிக்கட்டு உச்சியில் விழுகிறது

முப்பதுபடி:
வணக்கம். அல்டிமேட் டூம் பில்டர் எடிட்டரில் டூம் 2 விளையாட்டுக்கு ஒரு மேப் செய்துகொண்டிருக்கிறேன். பழைய டூம் ஃபார்மட்தான், புதிய யுடிஎம்எஃப் ஃபார்மட் இல்லை. பெரிய மண்டபம், அதற்குள் 30 படிகள், ஒவ்வொன்றும் 8 யூனிட் உயரம். மேலே ஜன்னல் வழியாக வெளிமுற்றம் தெரியும். எஃப்9 தட்டி (எடிட்டரின் சோதனை ஓட்டம்) புதிய எஞ்சினான ஜிஇசட்டூமில் பார்த்தால் அருமையாக இருக்கிறது. அசல் விளையாட்டை அப்படியே பின்பற்றும் சாக்லேட் டூமில் படி ஏறும்வரை ஒன்றுமில்லை, உச்சியில் நின்று திரும்பிக் கீழே பார்த்ததும் "ஆர்_ஃபைண்ட்பிளேன்: நோ மோர் விஸ்பிளேன்ஸ்" என்று சொல்லி வெளியே போய்விடுகிறது.

இன்னொன்று: சாய்வான சுவர் ஒன்றின் ஓரத்தில், தரையின் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு நீளமாக ஒழுகுகிறது. எடிட்டரின் எஃப்4 மேப் அனாலிசிஸ் (பிழை தேடும் வசதி) பிழை எதுவும் காட்டவில்லை. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பழையகோடு:
இரண்டும் தனித்தனி வியாதி. முதலில் விஸ்பிளேன். ஒரு காட்சியில் தெரியும் தரை, கூரைத் துண்டுகள்தான் விஸ்பிளேன்கள்; அவற்றை 1993-இன் அசல் எஞ்சின் 128-க்கு மேல் வைத்துக்கொள்ளாது. ஜிஇசட்டூமுக்கு அந்த வரம்பு கிடையாது. சாக்லேட் டூம் வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கிறது. எஃப்9 சோதனை உன்னை ஏமாற்றியது அதனால்தான்.

ஒரே உயரம், ஒரே ஃபிளாட் (தரை, கூரையில் ஒட்டும் படம்), ஒரே வெளிச்சம் என்றால் பக்கத்துத் துண்டுகள் பெரும்பாலும் ஒரே விஸ்பிளேனில் சேர்ந்துவிடும். ஒரு கேள்வி தம்பி: படிகளின் வெளிச்சத்தை எப்படி வைத்தாய்?

முப்பதுபடி:
எல்லாப் படியையும் தேர்ந்தெடுத்து எடிட்டரின் கிரேடியன்ட் பட்டனை அழுத்தினேன் அண்ணா. கீழே 208, மேலே 128.

பழையகோடு:
நினைத்தேன்! அது இடையில் 205, 202 என்று எண்களைப் போட்டிருக்கும். எஞ்சின் வெளிச்சத்தை 16, 16 ஆகத்தான் வரைகிறது. 192 முதல் 207 வரை கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் விஸ்பிளேனைச் சேர்க்கலாமா என்று பார்க்கும்போது மட்டும் முழு எண்ணையும் ஒப்பிடும். 205-ம் 202-ம் அதற்கு வேறு வேறு. மண்டபக் கூரை ஒரே உயரம், ஒரே ஃபிளாட்டாக இருந்தும் 30 துண்டாகிவிட்டது.

கீழிருந்து பார்க்கையில் ஏன் பிழைத்தாய் என்றால், கண்ணுக்கு மேலே இருக்கும் தரையை எஞ்சின் கணக்கில் எடுப்பதில்லை. கண் உயரம் 41, அதனால் முதல் 5 படிதான் எண்ணிக்கையில் வரும். உச்சியில் 30 தரை, 30 கூரை, ஆக 60. மீதியை ஜன்னலும் முற்றமும் சாப்பிட்டிருக்கும்.

ஒவ்வொரு படியின் வெளிச்சத்தையும் 16-இன் மடங்குக்குக் கீழே இறக்கு: 205 என்றால் 192. சாக்லேட் டூமில் ஒரு மாற்றமும் தெரியாது. ஜிஇசட்டூமில் கொஞ்சம் பட்டை பட்டையாகத் தெரியலாம், பரவாயில்லை. கூரை 30-இலிருந்து 6 ஆகும்.

சுவரெழுத்து:
விஸ்பிளேன் எக்ஸ்ப்ளோரர் மோடும் எடிட்டரிலேயே இருக்கிறது. எந்த இடத்தில் எண்ணிக்கை எகிறுகிறது என்று மேப் மேலேயே நிறம் பூசிக் காட்டும். டிராசெக்ஸும் (வரையப்படும் சுவர்த் துண்டுகள்) பார்க்கலாம், அதற்கு வரம்பு 256. ஆனால் அதை மட்டும் நம்பாமல் சந்தேகமான இடத்தில் நடந்தும் பாருங்கள்.

அந்த ஒழுகல் கோடு நோட்பில்டர் வேலை, அதாவது எஞ்சின் வரைவதற்காக மேப்பைத் துண்டுகளாக வெட்டும் நிரல். சாய்வான கோட்டை அது வெட்டும்போது வெட்டுப்புள்ளி முழு எண்ணில்தான் உட்கார முடியும், கோடு ஒரு மயிரிழை விலகும், தரை அந்த இடுக்கில் ஒழுகும். உங்கள் வரைபடத்தில் தப்பில்லை, அதனால்தான் எஃப்4 வாய் திறக்கவில்லை. சுவரின் முனைப்புள்ளியை ஒரு கிரிட் நகர்த்துங்கள், அல்லது நோட்பில்டரை மாற்றிப் பாருங்கள்.

முப்பதுபடி:
வெளிச்சம் சரிசெய்தேன், உச்சியில் இப்போது விழவில்லை! ஜன்னலை ஒட்டி நிற்கும் ஒரு மூலையில் மட்டும் இன்னும் விழுகிறது. நோட்பில்டரை இசட்டிபிஎஸ்பியிலிருந்து ஜென்நோடுக்கு மாற்றினேன், சாக்லேட் டூமில் கோடு இம்மியும் அசையவில்லை.

சுவரெழுத்து:
எஃப்9 இல்லாமல், சேமித்த வாட் (மேப் கோப்பு) ஒன்றைத்தானே சாக்லேட் டூமில் திறக்கிறீர்கள்? கேம் கான்ஃபிகரேஷன்ஸில் நோட்பில்டருக்கு இரண்டு பெட்டி உண்டு, ஒன்று சேமிக்க, ஒன்று சோதிக்க. நீங்கள் சோதனைப் பெட்டியை மட்டும் மாற்றியிருப்பீர்கள். நானும் இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்தவன்.

பழையகோடு:
அந்த மூலைக்கு: ஜன்னலுக்கும் முற்றத்துக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை ஒரு தடித்த தூண் வை. ஒருபக்கச் சுவர் (பின்னால் இடமில்லாத சுவர்) முழுசாக மறைத்ததை எஞ்சின் வரையாது. முற்றத்தின் வானத்தில் கை வைக்காதே. வானக் கூரை எந்த உயரத்தில் இருந்தாலும் ஒன்றாகவே சேர்ந்துகொள்ளும், அங்கே மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

முப்பதுபடி:
சேமிக்கும் பெட்டியேதான்! மாற்றிச் சேமித்ததும் கோடு போய்விட்டது. தூணும் வைத்தாயிற்று, அந்த மூலையில் பத்து சுற்று சுற்றினேன், விழவில்லை. என்ன, தூண் இப்போது முற்றத்தில் நிற்கும் சைபர்டீமன் அரக்கனைப் பாதி மறைக்கிறது. அவனை இரண்டடி தள்ளி நிறுத்தப் போகிறேன்.