புதுப்பிப்பு: 360 டிகிரி திகில் காட்சி

சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக் தாழ்வாரத்தில் எடுக்கப்போகும் மெய்நிகர் திகில் காட்சியில், பார்ப்பவரை எப்படித் திரும்பிப் பார்க்க வைப்பது என்று கேட்டிருந்தேன். ஒலிதான் வழி என்று முடிவு செய்துவிட்டோம். சுற்றிலும் எல்லாப் பக்கமும் பதிவாகும் 360 டிகிரியில் குளோசப் கிடையாது. அவர் எங்கு வேண்டுமானாலும் பார்ப்பார். முதலில் இடப்பக்கம் மின்தூக்கி திறக்கும். உள்ளே யாரும் இல்லை. அப்புறம் முதுகுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம், மிக மெதுவாக. பதிவான காணொளி யாருக்காகவும் காத்திருக்காது. அவர் தாமதமாகத் திரும்பினாலும் பார்க்க வேண்டும். அதனால் சத்தம் ஓய்ந்த பிறகும் பின்னால் வந்த பேய் உருவம் சில நொடிகள் அசையாமல் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கேமரா கண் உயரத்தில், நகராமல். நகர்த்தினால் தலைசுற்றும், பயம் போய்விடும். படக்குழு படிக்கட்டில் ஒளிந்துகொள்ளும். ஆவிகள் வந்துபோகும் என்று நம்பப்படும் சீனர்களின் ஏழாம் மாதம் முடிந்த பிறகே படப்பிடிப்பு. அண்டை வீட்டார் படையல் வைக்கும் நேரத்தில் அங்கே பேய் வேடம் போட எங்களுக்கு மனமில்லை.