சென்னை வெயிலுக்கு எந்த டிசைனரோட குரோஷா தாங்கும்?

நூல்கண்டு_மயிலை
போன ஞாயிறு நாகேஸ்வர ராவ் பார்க்ல உக்காந்து கொக்கி ஊசியில குரோஷா பின்னிட்டு இருந்தப்போ பக்கத்துல இருந்த அக்கா ஒருத்தங்க கேட்டாங்க, "இந்தக் காலத்து குரோஷா டிசைனர்ல உனக்கு யாரைப் பிடிக்கும்?" யோசிக்கவே இல்லை, டெட்ரி உய்ஸ்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புதான், அதனால இங்க எழுதறேன்.

அவங்களோட சோஃபீஸ் யுனிவர்ஸ்ங்கற போர்வைப் பேட்டர்ன், அதாவது எப்படிப் பின்னணும்னு சொல்ற குறிப்பு, 2015-ல வாரம் ஒரு பகுதியா வந்துச்சு. உலகம் பூரா ஆளுங்க ஒண்ணா சேர்ந்து பின்னினாங்க. நடுவுல சின்ன வட்டமா ஆரம்பிக்கும், பூ மேல பூவா எழும்பும், அப்புறம் நமக்கே தெரியாம சதுரமா மாறி, கட்டில் போர்வை அளவுக்கு வளர்ந்துடும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் படம், ரவுண்டு முடியும்போது எத்தனை ஸ்டிச் இருக்கணும்னு கணக்கு. இவ்வளவும் இலவசம். எனக்கு யாரும் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரலை. முன்பக்க போஸ்ட், பின்பக்க போஸ்ட், பாப்கார்ன்னு ஸ்டிச் வகை எல்லாம் நான் கத்துக்கிட்டது அந்த ஒரு பேட்டர்ன்லதான். அதனால என்னைப் பொறுத்தவரை அவங்கதான் முதல் இடம். உங்களுக்கு யாரு?

பெரம்பூர்_அத்தை
மயிலைப் பொண்ணே, நீ சொன்ன போர்வையை நானும் பார்த்தேன். அழகுதான், மறுக்கலை. ஆனா அந்தப் பேட்டர்ன் பக்கம் பக்கமா எழுத்து. ஒரு வரி விட்டுப்போச்சுன்னா எங்க இருக்கோம்னே தெரியாது. எங்க காலத்துல ஆங்கர் நூலோட வர்ற சின்னப் புத்தகத்துல வரைபடம் இருக்கும். நீள்வட்டம்னா செயின், பெருக்கல் குறின்னா குட்டை ஸ்டிச், தண்டு மேல குறுக்குக் கோடு எத்தனையோ ஊசியில அத்தனை தடவை நூல் சுத்தணும். அவ்வளவுதான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத என் மாமியார் அதைப் பார்த்தே வாசல் தோரணம், ரேடியோ கவர், டேபிள் விரிப்பு எல்லாம் பின்னினாங்க.

எழுத்தைப் பார்த்தே பழகினவங்களால ஒரு பூவைப் பார்த்து "இது எப்படி வந்துச்சு"ன்னு சொல்ல முடியறதில்லை. என் மருமகளைப் பார்த்துத்தான் சொல்றேன். இப்ப இருக்கறவங்கள்ல எனக்குப் பிடிச்சது ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஷெல்லி ஹஸ்பண்ட். சதுரம் மட்டுமே விதவிதமா போடறாங்க. எழுத்தும் உண்டு, வரைபடமும் உண்டு. நான் எழுத்துப் பக்கத்தைத் திருப்பறதே இல்லை.

வேளச்சேரி_கொக்கி
ரெண்டு பேரும் போர்வையும் சதுரமும் பேசறீங்க. நம்ம ஊர்ல மே மாசம் மின்விசிறிக்கு அடியிலயே உக்கார முடியலை. அக்ரிலிக் நூல் மடியில கிடந்தாலே தொடை வேர்க்குது. இங்க போர்வை பின்னி யாருக்குப் போத்தறது?

என் ஓட்டு டோரிஸ் சான். அமெரிக்கக்காரங்க. 2006-ல அமேசிங் கிரோஷே லேஸ்னு புத்தகம் போட்டாங்க. குரோஷா மேல்சட்டைன்னா அதுவரைக்கும் துண்டு துண்டா பின்னித் தைக்கறதுதான் பெரும்பாலும். அவங்க கழுத்துல ஆரம்பிச்சு கீழ இறங்கினாங்க, தையலே கிடையாது. நூலுக்குப் பெரிசான ஊசி எடுத்து, டாய்லி, அதான் மேஜை மேல விரிக்கற சின்ன லேஸ் விரிப்பு மாதிரி இருக்கற டிசைனை அப்படியே ஊதிப் பெரிசாக்கற மாதிரி பின்னுவாங்க. துணி கொட்டாங்கச்சி மாதிரி விறைக்காம தண்ணி மாதிரி விழும், காத்தும் உள்ள வரும். பருத்தி நூல்ல அதே முறையில பத்துப் பன்னெண்டு மேல்சட்டை பண்ணி வித்திருக்கேன். பாதி பின்னும்போதே கழுத்துல மாட்டி அளவு பார்த்துக்கலாம். வேற எந்த முறையில இது முடியும்?

நூல்கண்டு_மயிலை
கொக்கி, போர்வையை அப்படி ஒதுக்காதீங்க. 2016 ஜனவரி 31-ம் தேதி உலகத்துலயே பெரிய குரோஷா போர்வைன்னு கின்னஸ்ல ஏறினது எந்த ஊர்ல? இதே சென்னையில. மதர் இந்தியாஸ் கிரோஷே குவீன்ஸ் பண்ணினது, 11,148.5 சதுர மீட்டர். வெயில்னு நம்ம ஊர்ப் பெண்கள் யாரும் நிறுத்தலையே. இப்ப பாதி வீட்ல ராத்திரி ஏ.சி. ஓடுது. என் பையன் தினமும் என் போர்வைக்குள்ளதான் தூங்கறான்.

வேளச்சேரி_கொக்கி
அந்தச் சாதனை மேல எனக்கு மரியாதை உண்டு அக்கா. அத்தனை கைகள் சேர்றது சாதாரணம் இல்லை. ஆனா நான் கேக்கறது வேற. ஒரு டிசைனரைப் பெரியவர்னு சொல்றோம்னா, அவர் சொன்ன நூல், அவர் ஊர்க் குளிர் ரெண்டும் இல்லாம அந்தப் பேட்டர்ன் நிக்கணும். சோஃபீஸை முழுப் பருத்தியில பின்னித் தூக்கிப் பாருங்க, என்ன கனம்னு தெரியும்.

கணக்கு_டீச்சர்_தாம்பரம்
நான் பள்ளியில் கணக்கு எடுப்பவள். கொக்கி தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன், ஆனால் அவர் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நூலை மாற்றினாலும் ஒரு பேட்டர்ன் நிற்க வேண்டுமென்றால், அதன் கணக்கை டிசைனர் நமக்குத் தர வேண்டும். அட்டிக்24 என்ற வலைப்பதிவு எழுதும் லூசியின் நீட் ரிப்பிள் என்ற அலை அலையான பேட்டர்னைப் பாருங்கள். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இருந்து எழுதுகிறார், இலவசம்தான். பெரும்பாலும் அவர் பயன்படுத்துவது ஸ்டைல்கிராஃப்ட் ஸ்பெஷல் டி.கே. என்ற நூல். 100 கிராமில் 295 மீட்டர், முழுக்க அக்ரிலிக். நமக்கு ஒத்தே வராது. ஆனாலும் அவர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்: 14-இன் மடங்கு, கூட 3 செயின். அது போதும். மெல்லிய பருத்தியில் 14 பத்து, 140, கூட 3, மொத்தம் 143 செயின் போட்டேன். சோபா கைப்பிடிக்கு விரிப்பு வந்தது. அகலம் போதவில்லையா, இன்னொரு 14. என் மாணவி ஒருத்தி அதே கணக்கில் நீளத் துண்டு பின்னி, தன் தம்பிக்குப் பென்சில் பை தைத்தாள்.

வட்டமும் அப்படித்தான். குட்டை ஸ்டிச்சில் தட்டையாக வர ரவுண்டுக்கு 6 கூட்ட வேண்டும். ஊசியில் ஒரு தரம் நூல் சுற்றும் ஸ்டிச்சில் 12. குறைத்தால் கிண்ணமாகக் குவியும். கூட்டினால் புடவைக் கொசுவம் போல நெளியும். அந்த நெளிவையே 1997-இல் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹைபர்போலிக் தளத்தை, அதாவது ஓரம் நெளிந்து விரியும் வளைபரப்பைக் கையில் தொட்டுப் பார்க்கப் பயன்படுத்தினார். காகிதத்தில் செய்தால் கிழிந்து போவது குரோஷாவில் நின்றது. வகுப்பில் அதைக் காட்டும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் எழுந்து வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். என் பட்டியலில் அவரும் டிசைனர்தான்.

கொலுப்படி
கணக்கு டீச்சர் சொன்ன 6, 12 தெரியாமத்தான் நான் ஒரு மாசம் வீணாக்கினேன். அதோட இன்னொண்ணும் தெரியாது. டோரிஸ் சானோட ஆல் ஷால் இலவசமா கிடைக்கும், அதை எடுத்தேன். "டபுள்"னு போட்டிருந்துச்சு. எனக்கு எங்க பெரியம்மா சொல்லிக் கொடுத்தது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதுல டபுள்னா ஊசியில நூல் சுத்தாம போடற குட்டை ஸ்டிச். அமெரிக்காவுல அதுக்குப் பேரு சிங்கிள். அவங்க டபுள்னா நம்ம பெரியம்மாங்க சொல்ற ட்ரெபிள். முழு நூலும் போட்டு முடிச்சேன். தோள்ல போடற சால்வை மணைப் பலகை மாதிரி விறைச்சு நின்னுச்சு. அத்தனையும் பிரிச்சேன். அன்னிக்கு அழுதுட்டேன்.

அதனால கொக்கி அண்ணா, உங்க டிசைனர் பெரியவர்தான், ஆனா நம்ம வீடுகள்ல ட்ரெபிள்னு பழகினவங்களுக்கு அந்தப் பேட்டர்னைக் கொடுக்கும்போது முதல் வரியிலயே இதைச் சொல்லிடுங்க. அத்தை சொல்ற வரைபடத்துல இந்தக் குழப்பமே வராது.

எனக்குப் பிடிச்சது கெர்ரி லார்ட். 2014-ல வந்த எட்வர்ட்ஸ் மெனாஜரிங்கற அவங்க மிருகப் பொம்மைப் புத்தகம். மிருகங்களுக்கெல்லாம் உடம்பு ஏறக்குறைய ஒண்ணுதான், தலையும் காதும் வாலும்தான் மாறும். ஒரு உடம்பு கைக்குப் படிஞ்சுட்டா வரிசையா வந்துட்டே இருக்கும். போன நவராத்திரிக்குக் கீழ்ப்படியில காடு வெச்சேன். யானை, சிங்கம், குரங்கு எல்லாம் பருத்தி நூல்ல, சின்ன ஊசியில. வந்த குழந்தைங்க மரப்பாச்சியைத் தொடலை, இதைத்தான் எடுத்தாங்க. அந்த முறையை வெச்சே இந்த வருஷம் நானே ஒரு நந்தி பண்ணிட்டு இருக்கேன்.

அம்பத்தூர்_ஊதா
எல்லாருக்கும் வணக்கம். ஜேனி குரோவோட பெர்ஷியன் டைல்ஸ் போர்வை யாருக்குமே தோணலையா? எண்கோணமும் இடையில சின்னச் சதுரமுமா, பள்ளிவாசல் ஓடு மாதிரி நிறம் நிறமா இருக்குமே. எனக்கு அதுதான் உயிர். ஒரு விண்ணப்பம்: யார்கிட்டயாவது அந்த பிடிஎஃப் இருந்தா வாட்ஸ்அப் குழுவுல போடுங்களேன்.

நூல்கண்டு_மயிலை
ஊதா, வருத்தப்படாதீங்க, நான் தரமாட்டேன். ஜேனி குரோங்கற பேர்ல டிசைன் பண்ற ஜேன் குரோஃபுட் அதை வித்துத்தான் சாப்பிடறாங்க. வெளிநாட்டுப் பேட்டர்ன் ஐந்தாறு டாலர்னா இங்க ஐநூறு ரூபாய் பக்கம் வரும், சின்னத் தொகை இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா நாம அதுல மாசக்கணக்குல உக்காரப் போறோம். நூலுக்கு எவ்வளவு கொடுக்கறோம்? காசு முடியலைன்னா லூசி இருக்காங்க, டெட்ரி இருக்காங்க, ரெண்டு பேரும் இலவசமா கொடுத்திருக்காங்க.

பெரம்பூர்_அத்தை
இதுல நான் உன்னோட சேர மாட்டேன். கோலத்துக்கு யாராவது காசு வாங்கறாங்களா? எதிர்வீட்டு வாசல்ல புள்ளி எண்ணிட்டு வந்து நம்ம வாசல்ல போடறோம். குரோஷாவும் அப்படித்தான் வளர்ந்துச்சு. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு பெண் புது லேஸ் போட்டா மறுநாள் பத்து வீட்ல அது இருக்கும். ஒருத்தர் கைவேலை இன்னொருத்தர் கைக்குப் போகலைன்னா அது செத்துடும்மா.

வேளச்சேரி_கொக்கி
அத்தை, எதிர்வீட்டுக் கோலத்தை நீங்க எண்ணினீங்க. கண்ணால பார்த்து, மனசுல வெச்சு, உங்க கையால போட்டீங்க. பிடிஎஃப் ஃபார்வர்ட் பண்றவங்க எதையும் எண்ணலையே. ஒரே விரல், இருநூறு பேருக்குப் போயிடுது. நான் சொந்தமா ஒரு பேட்டர்ன் எழுதினேன், மடிக்கேத்த கைப்பை. எழுதறதுக்கு முன்னாடி நாலு தடவை பின்னிப் பிரிச்சேன். ரெண்டு பேரைப் பின்ன வெச்சுத் தப்பு பார்த்தேன். வித்தது ஒன்பது பிரதி. பத்தாவது நாள் அது எனக்கே ஒரு குழுவுல ஃபார்வர்டா வந்துச்சு, என் பேரை வெட்டிட்டு. அன்னிலேர்ந்து நான் பேட்டர்ன் எழுதறதில்லை.

பெரம்பூர்_அத்தை
இது எனக்குத் தெரியாதுப்பா. பேரை வெட்டினது பாவம்.

நான் சொன்னதுல ஒண்ணை மட்டும் விட மாட்டேன். படத்தைப் பார்த்து ஸ்டிச் எண்ணி, தானே கண்டுபிடிச்சுப் பின்னறவளைத் திருடின்னு யாரும் சொல்லக் கூடாது. அது நூத்தம்பது வருஷமா நம்ம பெண்களோட படிப்பு. நரசாப்பூர்ப் பக்கம் கோதாவரிக் கரையில லேஸ் பின்ற பெண்கள் எந்தப் புத்தகம் பார்த்துப் பழகினாங்க? அம்மா கையைப் பார்த்துத்தானே. அந்த லேஸுக்கு இப்ப புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. ஆனா பிடிஎஃப் விஷயத்துல நீ சொன்னது சரி. ஊதா, உனக்கு அந்த எண்கோணம் வேணும்னா காசு கொடுத்து வாங்கு. முடியலைன்னா பெரம்பூர் வா, எண்கோணம் எப்படி வளரும்னு நான் சொல்லித் தரேன். ஓடு மாதிரி நிறம் நீயே போட்டுக்கோ.

அம்பத்தூர்_ஊதா
சரிங்க அத்தை. தப்பாக் கேட்டுட்டேன், அண்ணா மன்னிச்சுக்கோங்க. அடுத்த மாசச் சம்பளத்துல வாங்கறேன். எண்கோணம் கத்துக்க இந்தச் சனிக்கிழமையே வரலாமா?

கணக்கு_டீச்சர்_தாம்பரம்
எண்கோணத்துக்கு ஒரு குறிப்பு. ரவுண்டுக்கு எட்டு மூலை, கூட்டல் அத்தனையும் மூலையில்தான் வர வேண்டும். நடுவில் கூட்டினால் வட்டமாகிவிடும்.

இன்னொன்று. பல நிறம் சேர்க்கும்போது நூலைத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் போனால் முழு வேலையும் பாழ். எனக்கு ஒரு டேபிள் விரிப்பு அப்படிப் போனது.

நூல்கண்டு_மயிலை
கொக்கி கேட்டது இன்னும் மனசுல உறுத்துது, பருத்தியில சோஃபீஸ் கனக்கும்னு. போர்வையா வேண்டாம், முதல் சில ரவுண்டு மட்டும் மெல்லிய பருத்தியில போட்டு டேபிள் நடுவுல வைக்கற மாதிரி பண்ணிப் பார்க்கறேன். தட்டையா நின்னா ஜெயிச்சது நான். நெளிஞ்சா டோரிஸ் சான் மேல்சட்டை ஒண்ணு உங்ககிட்ட கத்துக்கறேன். ஞாயிறு அதே பார்க், காலை 7 மணி, வெயில் ஏறறதுக்கு முன்னாடி.

வேளச்சேரி_கொக்கி
வரேன் அக்கா. 2 மி.மீ., 2.5 மி.மீ. ரெண்டு ஊசியும் எடுத்துட்டு வாங்க. முதல்ல சின்னதுல போடுங்க, கொஞ்சம் விறைச்சா பெரிசுக்கு மாறிக்கலாம். அத்தையும் வரைபடத்தோட வரணும்.

பெரம்பூர்_அத்தை
காலை ரயிலைப் பிடிச்சு வந்துடறேன். கொலுப்படிப் பொண்ணே, நீயும் அந்த நந்தியை எடுத்துட்டு வா. திமிலை நீ எப்படி எழுப்பினேன்னு எனக்குப் பார்க்கணும்.