நிவாரணப் பையில் பால்மாவு டின் வைக்கலாமா?
(நால்வர் விவாதம்; பண்டகசாலை, அளவுநாடா என்பவை பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

கலைவாணன்:
வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் உடனே அனுப்ப ஒரு பொதுப் பை தயாராகிறது. கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு 400 கிராம் பால்மாவு டின் ஒன்று, ஃபீடிங் பாட்டில் ஒன்று என்று வரைவுப் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். இருக்கட்டும் என்பதே என் வாதம். தாயை இழந்த குழந்தைக்கும், பிறந்ததிலிருந்தே மாவுப்பால் குடிக்கும் குழந்தைக்கும் முதல் நாளே பசிக்கும். வேண்டாதவர்கள் டின்னைத் தொடாமல் விட்டுவிடலாமே?

மருத்துவச்சி:
விடமாட்டார்கள் ஐயா. குழந்தைக்கென்று இலவசமாக வந்ததை எந்தத் தாய் திருப்பித் தருவார்? கணக்கைப் பாருங்கள். 5 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளொன்றுக்கு 750 மில்லி பால் வேண்டும். 100 மில்லிக்கு ஏறக்குறைய 13 கிராம் மாவு. அப்படியானால் உங்கள் டின் நாலே நாளில் காலி. அந்த நாலு நாளும் குழந்தை மார்பில் சப்புவது குறையும், சுரப்பும் கூடவே குறையும். ஐந்தாம் நாள் டின்னும் இல்லை, போதிய தாய்ப்பாலும் இல்லை. டின் தீரப்போகிறதே என்ற பயத்தில் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவதும் நடக்கும். வயிறு நிறையும், எடை ஏறாது.

2006இல் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நன்கொடை மாவு வரைமுறையின்றி விநியோகமானது. அதைப் பெற்ற குழந்தைகளில் சுமார் 25 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு. பெறாதவர்களில் 12 விழுக்காட்டினருக்குத்தான்.

கலைவாணன்:
அதிர்ச்சியில் பால் வற்றிப்போன தாய்க்கு என்ன வழி? பட்டினி கிடக்கும் பெண்ணிடம் போய்ச் சுரப்பைப் பற்றிப் பாடம் நடத்துவதா?

மருத்துவச்சி:
பாடம் வேண்டாம், முதலில் அவருக்குச் சாப்பாடும் தண்ணீரும் மறைவான ஓர் இடமும் கொடுங்கள். பால் சுரப்பது வேறு, இறங்குவது வேறு. குழந்தை சப்பச் சப்ப புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்க வைக்கிறது. சுரந்த பாலைக் காம்புக்கு இறக்கிவிடுவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். பயமும் வலியும் இந்த இறக்கத்தைத்தான் கொஞ்ச நேரம் தடுக்கின்றன. குழந்தையைத் தோலோடு தோலாக அணைத்து, ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை சப்ப விட்டால் திரும்ப இறங்கும்.

உண்மையிலேயே சுரப்பு குறைந்தவருக்குக் குழாய் முறை இருக்கிறது. மூக்கு வழியே உணவு செலுத்தப் பயன்படும் மெல்லிய குழாயில் 8ஆம் எண் அளவுள்ளதை எடுத்து, அதன் ஒரு முனையைப் பால் உள்ள கோப்பையில் விட்டு, மறுமுனையைக் காம்போடு சேர்த்து ஒட்டுங்கள். குழந்தை காம்பையும் குழாயையும் சேர்த்துச் சப்பும். கோப்பை முதலில் காம்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருக்கட்டும். குழந்தை தெம்பாக இழுக்கத் தொடங்கியதும் மெல்ல மெல்ல 30 செ.மீ. வரை இறக்கலாம். கோப்பையை மேலே தூக்கினால் பால் தானாக ஓடிவரும், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பண்டகசாலை:
தண்ணீரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லையே. மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபேக்டர் போன்ற கிருமி டின்னுக்குள்ளேயே இருக்கலாம். அதனால் வெந்நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே மாவைப் போட்டுக் கலக்க வேண்டும், அதாவது தண்ணீர் கொதித்து அரை மணி நேரத்துக்குள். பிறகு ஆறவைத்து உடனே புகட்ட வேண்டும். கலக்கி 2 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். இதை ஒரு நாளைக்கு ஆறேழு முறை செய்ய அடுப்பு, எரிபொருள், மூடியுள்ள பாத்திரம், சோப்பு எல்லாம் வேண்டும். உங்கள் பையில் இவற்றில் ஒன்றாவது உண்டா?

பாட்டில் அறவே கூடாது. நிப்பிளின் உட்புறத்தை முகாமில் கழுவ முடியாது. விளிம்பு வழவழப்பான சின்னக் கோப்பை போதும், குறைமாதக் குழந்தையும் அதில் நக்கிக் குடிக்கும்.

கலைவாணன்:
பாட்டிலை நீக்குகிறேன், அதில் எனக்கு வாதமில்லை. டின் விஷயத்தில் இன்னும் உடன்படவில்லை. "பேரிடர்க்காலக் குழந்தை உணவுக்கான வழிகாட்டு நெறியில் இடமில்லை" என்று எல்லாரையும் திருப்பி அனுப்பும் முகாமில், தாயில்லாத குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான் போகும். அதுவும் உயிரைக் குடிக்கும். யாருக்குத் தேவை என்று கணக்கெடுத்து முடிக்கும்வரை அந்தக் குழந்தை பொறுக்குமா?

மருத்துவச்சி:
நெறி அப்படித் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. நன்கொடையாக வாங்காதே, எல்லாருக்கும் இறைக்காதே என்கிறது. தேவைப்படும் குழந்தைக்கு விலைக்கு வாங்கி, தேவை இருக்கும்வரை இடைவிடாமல் கொடு என்றும் சொல்கிறது. வாசலில் பெயர் பதியும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: வயது என்ன, தாய் கூட இருக்கிறாரா, என்ன குடிக்கிறது? தாய் இல்லையென்றால், பால் கொடுக்க முன்வரும் வேறொரு தாயை முதலில் தேடுங்கள். அதுவும் அமையாவிட்டால் மாவு.

அளவுநாடா:
ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளை மறந்துவிட்டீர்கள். 6 முதல் 59 மாதம் வரை எல்லாருக்கும் மேல்கைச் சுற்றளவு எடுங்கள். 115 மி.மீ.க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழுந்தாலோ தீவிர ஊட்டக்குறை, அன்றே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அங்கே தரும் 92 கிராம், 500 கலோரி சிகிச்சை உணவுப் பொட்டலத்தை ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தராதீர்கள்.

பண்டகசாலை:
கலைவாணன் சொல்லும் முதல் இரவுக்கு என் யோசனை இது. கலக்கத் தேவையில்லாத, கைக்குழந்தைக்கென்றே தயாரித்த, கிருமி நீக்கிய திரவப் பால், ஒரு வேளைக்கான சிறு பொதிகளாக. சுமை அதிகம், விலையும் அதிகம், திறந்ததும் தீர்த்தாக வேண்டும். ஆனால் அடுப்பு வேண்டாம். சில நாளுக்கான இருப்பு தாய்சேய் கூடாரத்தில் பூட்டில் இருக்கட்டும். பையில் போகக் கூடாது.

கலைவாணன்:
சாவி யாரிடம்? பகலில் மட்டும் வரும் மருத்துவரிடம் என்றால் நான் ஒப்பமாட்டேன்.

மருத்துவச்சி:
இரவிலும் கூடாரத்தில் தங்கும் செவிலியரிடம். ஒவ்வொரு பொதிக்கும் குழந்தையின் பெயர், எடை, காரணம் பதிவேட்டில் ஏற வேண்டும். கொடுத்த மறுநாளே அந்தக் குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கலைவாணன்:
அப்படியென்றால் பட்டியலிலிருந்து டின்னை எடுக்கிறேன். ஆனால் இரவுச் செவிலியர் பணியிடமும் திரவப் பாலும் வரவுசெலவுத் திட்டத்தில் ஏறிய பிறகுதான். அதுவரை வரைவில் டின் இருக்கும்.