லாக் ஆன போனுக்குள்ள அம்மா நம்பர்

திருச்சி, சரக்கு வண்டி ஓட்டுநர்

காந்தி மார்க்கெட்ல இருந்து பெரம்பலூருக்கு வாரம் ரெண்டு நடை காய்கறி ஏத்திட்டுப் போறவன் நான். இது போன தை மாசம் நடந்தது. விடிகாலை நாலே முக்கால் இருக்கும். பாடாலூர் தாண்டினதும் ரோட்டோரம் ஒரு பைக் சரிஞ்சு கிடந்துச்சு. பக்கத்துல ஒரு தம்பி, இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது. மூச்சு இருந்துச்சு, நினைவு இல்ல.

108-க்கு அடிச்சுட்டு, வண்டி வர்ற வரைக்கும் வீட்டுக்காவது சொல்லலாம்னு அவரு போனை எடுத்தேன். விழுந்த வேகத்துல ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆயிருக்கும் போல, பேட்டர்ன் கேட்டுச்சு. எனக்குப் பின்னாடி வந்து நிறுத்துன பால் வண்டிக்காரர் தம்பியோட விரலை எடுத்து வெச்சுப் பார்த்தாரு, திறக்கல. ஆஃப் ஆகி ஆன் ஆன போன்ல ஒரு தடவை பேட்டர்ன் போட்டாத்தான் ரேகை எடுக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பர்ஸ்ல இருநூறு ரூபாயும் ஒரு ஏடிஎம் கார்டும். லைசென்ஸ், ஆர்சி எல்லாம் இப்ப எல்லாரும் போனுக்குள்ளதானே வெச்சிருக்கோம்.

ஸ்ட்ரெச்சர்ல ஏத்துற நேரத்துல அந்தப் போன் அடிச்சது. பேர் வரல, வெறும் நம்பர்தான் வந்துச்சு. எடுத்தேன். "பெரம்பலூர் தாண்டிட்டியா சாமி?"ன்னு ஒரு அம்மா குரல்.

எனக்கு வாய் வரல. "யாருப்பா நீ, எம்புள்ள போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணும் இல்லம்மா, வண்டி லேசா சாஞ்சிருச்சு"ன்னு பொய் சொன்னேன். குரல்லயே கண்டுபிடிச்சுட்டாங்க. அந்தப் பக்கம் ஏதோ கீழ விழுந்த சத்தம். லைன் கட் ஆகல. ஒரு நாய் குரைக்கிறது மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாலஞ்சு நிமிஷம் நான் "அம்மா, அம்மா"ன்னு கத்திக்கிட்டே நின்னேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து போனை எடுத்தாரு. அந்தம்மா வீட்ல தனியா இருந்திருக்காங்க. மயங்கிட்டாங்க.

தம்பியோட கூடப்பிறந்த அக்கா பெரம்பலூர்லயே இருக்காங்க, ஆஸ்பத்திரியில இருந்து பத்து நிமிஷ தூரம். அது எங்களுக்குத் தெரிய வரும்போது மணி ஆறரை.

அன்னையில இருந்து எனக்கு ஒரே யோசனை. அவசரத்துக்கு ஒரு நம்பர்னா எல்லாரும் அம்மா, சம்சாரம்னுதான் போடுறோம். நம்ம மேல பாசம் அதிகம் வெச்சவங்க வேற, சேதி கேட்டதும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பி வரக்கூடியவங்க வேற. விடிகாலையில முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் கூப்பிட்டா, நிதானமா "எந்த இடம், எந்த ஆஸ்பத்திரி"ன்னு கேட்கிற ஆளாப் பார்த்துப் போடணும். அம்மாவுக்கு அந்த ஆள் போய்ப் பக்குவமா சொல்லிக்கலாம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

மதுரை, அரசு மருத்துவமனை செவிலியர்

அண்ணா, அந்தத் தம்பியைச் சேர்த்துவிட்டுத்தான் போனீர்கள் என்பதே பெரிய காரியம். கேஷுவாலிட்டியில் 19 வருடமாக இருக்கிறேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்ததும் எங்கள் வாயில் வருகிற முதல் கேள்வி "அட்டெண்டர் யாரு?", அதாவது நோயாளியோடு கூட வந்த ஆள் யார் என்பதுதான். யாரும் இல்லையென்றால் ஏஆர் என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் "அன்னோன், ஆண், சுமார் 40" என்று எழுதுகிறோம். அப்படி எழுதும்போதெல்லாம் மனசு கனக்கும். இந்த மனிதருக்கு ஒரு பெயர் வைத்து யாரோ வாய் நிறையக் கூப்பிட்டிருப்பார்களே என்று இருக்கும்.

அட்டெண்டர் இல்லை என்பதற்காக சிகிச்சை நிற்காது. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள சிகிச்சைகள் முதல் 48 மணி நேரத்துக்கு வரம்புத் தொகைக்குள் இலவசம். ஆக, வீட்டு ஆட்களை நாங்கள் தேடுவது பணத்துக்காக இல்லை. உடம்பைப் பற்றி அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன.

இரண்டு வருடம் முன்பு ஒரு தம்பதியைக் கொண்டு வந்தார்கள். ஸ்பீட் பிரேக்கரில் வண்டி தூக்கிப் போட்டு இருவருமே விழுந்திருக்கிறார்கள், இருவருக்குமே நினைவில்லை. அந்த அம்மாவுக்குத் தலையில் அடி. இரண்டு போனிலும் பேரனின் படம், அழகான குழந்தை. அதைத் தவிர எங்களுக்குப் படிக்க எதுவும் இல்லை. மகளைக் கண்டுபிடித்தபோது மதியம் ஆகிவிட்டது. அவர் போனில் சொன்ன முதல் வாக்கியமே, "அம்மாவுக்கு இதயத்துல வால்வு மாத்தியிருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க." அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலைக்குள் ரத்தம் கசிந்தால் எளிதில் நிற்காது. தலைக்காயத்தில் இது எவ்வளவு பெரிய செய்தி என்பது அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் சந்தேகப்பட்டு ஏற்கெனவே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். அதனால் அந்த அம்மா பிழைத்தார். எல்லா நாளும் அப்படி அமைவதில்லை.

எல்லோரும் ரத்த வகையை மட்டும் எழுதி வைக்கிறார்கள். எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பி நாங்கள் ரத்தம் ஏற்றுவதில்லை. சாம்பிள் எடுத்து, வகை பார்த்து, இரண்டு ரத்தமும் பொருந்துகிறதா என்று கிராஸ் மேட்ச் செய்துதான் ஏற்றுவோம். அதைவிட எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது வேறு: சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறீர்களா, வலிப்புக்கு மாத்திரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா, எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, இதயத்தில் ஸ்டென்ட்டோ பேஸ்மேக்கரோ இருக்கிறதா. நான்கு வரி போதும்.

விழுப்புரம், முன்னாள் 108 இஎம்டி

சிஸ்டர் சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஏழு வருஷம் 108 வண்டியில இஎம்டியா, அதாவது ஆம்புலன்ஸ்ல முதல் சிகிச்சை கொடுக்கிற ஆளா இருந்தேன். போன்ல "ஐசிஇ"னு (இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி, அவசரம்னா கூப்பிட) ஒரு நம்பர் சேமிச்சு வைங்கன்னு முதல்ல சொன்னதே எங்களை மாதிரி ஆம்புலன்ஸ்ல வேலை பார்த்த ஒருத்தர்தான். இங்கிலாந்துல பாப் பிராட்சி. 2005-ல ஆரம்பிச்சாரு. அந்த வருஷம் ஜூலை 7-ல லண்டன்ல குண்டு வெடிச்சப்புறம் அது உலகம் பூரா பரவுச்சு. அப்ப பெரும்பாலான போன்ல லாக்கே கிடையாது. எடுத்தமா, பார்த்தமா, கூப்பிட்டமான்னு இருந்துச்சு. இன்னைக்கும் "ஏஏ வீடு", "ஏஏ அப்பா"ன்னு லிஸ்ட்ல முதல்ல வர்ற மாதிரி சேமிச்சு வெச்சிருக்காங்க. ஆனா அது லாக்குக்கு உள்ள இருக்கு. எங்க கைக்கு வராது.

அதனால லாக் ஸ்கிரீன்ல இருந்தே பார்க்கிற மாதிரி வைக்கணும். ஆண்ட்ராய்டுன்னா செட்டிங்ஸ்ல 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி'ன்னு இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பேர் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸ்ல மேல இருக்கிற தேடும் கட்டத்துல 'எமர்ஜென்சி'ன்னு அடிச்சா வந்துரும். அங்க நம்பரும் மருத்துவ விவரமும் போட்டுட்டு, லாக் ஆனாலும் காட்டுன்னு இருக்கிற பட்டனை ஆன் பண்ணணும். ஐபோன்ல ஹெல்த் ஆப்புக்குள்ள 'மெடிக்கல் ஐடி'. அதுலயும் 'ஷோ வென் லாக்டு' ஆன்ல இருக்கணும். பலர் எல்லாத்தையும் பூர்த்தி பண்ணிட்டு அந்த ஒரு பட்டனை விட்டுடுறாங்க. வெச்சு முடிச்சதும் போனை லாக் பண்ணி, வீட்ல வேற ஒருத்தர் கையில கொடுத்து எடுக்கச் சொல்லிப் பாருங்க.

ஸ்கிரீன் நொறுங்கிப்போன போன்னா சிம்மைக் கழட்டி வேற போன்ல போடுவோம். ஒரு காலத்துல சிம்லயே நம்பர் எல்லாம் இருக்கும். இப்ப எல்லாம் கூகுள் கணக்குக்குப் போயிருச்சு, சிம்ல ஒண்ணும் இருக்கிறதில்ல. வீட்ல இருந்து யாராவது கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கணும். போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற இ-சிம்னா கழட்டவே முடியாது. அதனால போன் கவருக்குப் பின்னாடி ஒரு துண்டுச் சீட்டு வைங்க, பால்பாயின்ட் பேனாவுல எழுதி. மழையில நனைஞ்சாலும் படிக்க முடியுது, நான் படிச்சிருக்கேன்.

இன்னொண்ணு. ரோட்ல நின்னு உதவுறவங்க பயப்பட வேண்டாம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல 134ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்குது. பேரு, விலாசம் சொல்லுன்னு யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

துபாய், ஏசி மெக்கானிக்

எங்க ரூம்ல எட்டுப் பேர். அதுல ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தருக்கு வெயில்ல வேலை பார்க்கும்போது நெஞ்சு வலி வந்து கீழ உட்கார்ந்துட்டாரு. 998 கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வந்துருச்சு. இங்க மேல சொன்ன மாதிரியே அவரும் அவசர நம்பர் எல்லாம் போன்ல வெச்சிருந்தாரு, லாக்ல இருந்தே எடுக்க முடிஞ்சது. மனைவி நம்பரை அமுக்கினோம், போகல. அண்ணன் நம்பர், அதுவும் போகல. ஊர்ல சேமிச்ச வெறும் பத்து இலக்க நம்பர் அது, முன்னாடி +91 இல்ல. பதட்டத்துல எங்க யாருக்கும் அது தோணல. நெட்வொர்க் பிரச்சினைன்னு நினைச்சு திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருந்தோம். கடைசியில பாகிஸ்தான்காரர் ஒருத்தர்தான் "கன்ட்ரி கோடு போடு பாய்"னு சொன்னாரு.

அவரு இப்ப நல்லா இருக்காரு. வெளிநாட்ல இருக்கிறவங்க, வரப்போறவங்க, எல்லா நம்பரையும் +91 போட்டே சேமிங்க. அப்படிச் சேமிச்சா ஊர்ல இருக்கும்போதும் வேலை செய்யும்.

திருப்பூர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்

ஓட்டுநர் அண்ணன் சொன்ன "கிளம்பி வரக்கூடிய ஆள்" பற்றி எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. எங்கள் யூனிட்டில் ஒடிசா பையன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் அவன் போன் விடாமல் அடித்திருக்கிறது. நர்ஸ் எடுத்தால் அந்தப் பக்கம் ஒடியா, இந்தப் பக்கம் தமிழ். அந்த அப்பா பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் யாராவது எடுத்துத் தமிழில் சொல்லியிருக்கிறார்கள். மகனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது. வேறு எதுவும் புரியவில்லை. அந்த நாளை அவர் எப்படிக் கழித்தார் என்று நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

அதன் பிறகு எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் போனிலும் நானே உட்கார்ந்து இரண்டு நம்பர் போட்டுக் கொடுக்கிறேன். ஒன்று அவன் வீடு. இன்னொன்று இங்கே தமிழும் அவன் மொழியும் தெரிந்த ஒருவர்.

காரைக்குடி, இல்லத்தரசி

எங்கப்பாவுக்கு 71 வயசு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போறவங்க. பட்டன் போன்தான், லாக் எதுவும் கிடையாது. அதனால எங்களுக்குக் கவலையே இருந்ததில்ல. நத்தம் பக்கம் கூட்டத்துல செட்டை விட்டுப் பிரிஞ்சு, சர்க்கரை இறங்கி ஒரு டீக்கடை வாசல்ல படுத்துட்டாங்க. கடைக்காரர் இனிப்பா டீ போட்டுக் கொடுத்துட்டு போனைப் பார்த்திருக்காரு. "பெரியவ", "சின்னவன்", "குட்டி", "செட்டியார் கடை", இப்படித்தான் பேரெல்லாம். யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்? "சின்னவன்" மகனா இருக்கும்னு கூப்பிட்டிருக்காரு. சரிதான், என் தம்பிதான், ஆனா அவன் சிங்கப்பூர்ல இருக்கான். வெளிநாட்டுக்குப் பேச அப்பா போன்ல பேலன்ஸ் இல்ல. கடைசியா பேசின நம்பருக்கு அடிச்சதுல எங்க தெரு கேபிள் டிவிக்காரர் கிடைச்சு, அவரு ஓடி வந்து சொன்னாரு.

இப்ப "மகள் காரைக்குடி"ன்னு என் நம்பரைப் போட்டு வெச்சிருக்கேன். உறவும் ஊரும் சேர்த்துப் போட்டாத்தான் பார்க்கிறவங்களுக்குப் புரியுது. 2-ஐ அழுத்திப் பிடிச்சா எனக்கு வர்ற மாதிரியும் பண்ணியிருக்கேன். 2017 ஜனவரிக்கு அப்புறம் இந்தியாவுல விக்கிற பட்டன் போன்ல 5 இல்லன்னா 9-ஐ அழுத்திப் பிடிச்சா அவசர உதவிக்குப் போகணும்னு விதி இருக்குன்னு மருமகன் சொன்னாரு. அப்பா கிளம்புறதுக்கு முன்னாடி எதுக்கு எந்தப் பட்டன்னு காட்டச் சொல்லித்தான் அனுப்புறேன்.

சென்னை, விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது, செய்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் தனியாக இருக்கிற பெண் நான். போன் தொலைந்தால், எடுத்தவன் கையில் என் பெயரும் அம்மா நம்பரும் போய்விடாதா?

விழுப்புரம், முன்னாள் 108 இஎம்டி

நியாயமான பயம்தான்மா. விலாசம் போடாதே, பிறந்த தேதி வேண்டாம். அண்ணனோ மாமாவோ ஒருத்தர் நம்பர் போதும். அந்த ஆள்கிட்ட "உன் நம்பரைப் போட்டிருக்கேன், தெரியாத நம்பர்ல இருந்து கால் வந்தாலும் எடு"ன்னு சொல்லி வை. இதை நான் அழுத்திச் சொல்றேன். தெரியாத நம்பர்னா லோன் விளம்பரம்னு நினைச்சு கட் பண்றவங்கதான் இப்ப அதிகம். ஒருத்தர் அப்பாவுக்கு ஆறு தடவை அடிச்சு, ஆறும் கட் ஆகி, கடைசியில "உங்க மகன் ஆம்புலன்ஸ்ல இருக்காரு"ன்னு மெசேஜ் போட்டிருக்கேன். அப்படி ஒரு சேதி எழுத்துல போய்ச் சேரக் கூடாதும்மா.

திருச்சி, சரக்கு வண்டி ஓட்டுநர்

எல்லார் எழுதினதையும் படிச்சேன். கவர் பின்னாடி சீட்டு வெச்சுட்டேன், சிஸ்டர் சொன்ன நாலு வரியும் எழுதிட்டேன். எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது, அது இத்தனை வருஷமா என் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தம்பியைப் பத்திச் சிலர் தனியா கேட்டிருந்தீங்க. மூணாவது மாசம் அவரே கூப்பிட்டாரு. கால்ல பிளேட் வெச்சிருக்கு, ஊன்றி நடக்கிறாராம். அம்மாவும் பேசினாங்க. நான் அன்னைக்குச் சொன்ன பொய்யைப் பத்தி ஒண்ணும் கேட்கல, சாப்பிட்டியாப்பான்னு மட்டும் கேட்டாங்க. போன்ல அவசர நம்பரா முதல்ல அக்காவைப் போட்டுட்டாராம். ரெண்டாவதா என் நம்பரைப் போட்டுக்கவான்னு கேட்டாரு, அந்த ரோட்ல வாரம் ரெண்டு நடை போறவர்தானேன்னு. போட்டுக்க தம்பின்னு சொன்னேன். எந்த நேரத்துக்கும் எடுப்பேன்னும் சொன்னேன்.