செம்படிகம்: இரண்டு சங்கங்கள் 2006 வரை செஞ்சிலுவை இயக்கத்துக்கு வெளியே நின்றது ஏன்?

கேள்வி
பதிவிட்டவர்: பொறுப்பாசிரியை, நெல்லை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஜூனியர் ரெட்கிராஸ் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். சென்ற வாரம் முதலுதவி வகுப்புக்காகப் பிள்ளைகள் வரைந்து வந்த அட்டையில், சிவப்புச் சிலுவைக்கும் சிவப்புப் பிறைக்கும் பக்கத்தில், முனையில் நிறுத்திய சதுரம் போல ஒரு சிவப்புச் சட்டமும் இருந்தது. உள்ளே ஒன்றும் வரையாமல் வெள்ளையாக விட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதன்மேல் விரலை வைத்து, "டீச்சர், சிலுவையும் பிறையும் தெரியுது, இது யாருக்கு?" என்று கேட்டாள். செம்படிகம் என்று பெயரைச் சொல்ல முடிந்ததே தவிர, யாருக்கு என்ற கேள்விக்கு நேரான விடை என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இஸ்ரேலின் மகேன் டேவிட் அடோம் சங்கமும் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கமும் 2006 ஜூன் மாதத்தில் ஒருசேர இயக்கத்தில் சேர்க்கப்பட்டன என்றும், அதற்கு வழி செய்யவே இந்தச் சின்னம் உருவானது என்றும் தெரிந்தது. முதலாவது 1930இலும் இரண்டாவது 1968இலும் தொடங்கப்பட்டவை. அத்தனை ஆண்டுகள் ஆம்புலன்ஸ் ஓட்டியும் நோயாளிகளைப் பார்த்தும் வந்த சங்கங்கள் உறுப்பினர் ஆவதற்கு என்ன தடை இருந்தது? சின்னம்தான் தடை என்றால், ஒரு சின்னத்தை ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது ஏன்? மனிதநேய இயக்கம் ஒன்றில் இந்த விஷயம் கடைசியில் வாக்கெடுப்பு வரை போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அந்தப் பிள்ளைக்கு முழுமையான பதிலைச் சொல்லுவேன்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: சட்டம் பயின்றவன்

வணக்கம் அம்மா. இரண்டு சங்கங்களும் ஒரே காரணத்துக்காக வெளியே நிற்கவில்லை. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். ஒரு தேசியச் சங்கத்தை ஏற்பதற்கு இயக்கத்தின் சட்டவிதிகளில் நான்காவது பிரிவு பத்து நிபந்தனைகளை விதிக்கிறது. ஜெனீவா உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட சுதந்திர நாடொன்றின் மண்ணில் சங்கம் அமைந்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. உடன்படிக்கைக்கு இசைந்த பெயரையும் சின்னத்தையுமே பயன்படுத்த வேண்டும் என்பது மற்றொன்று. பாலஸ்தீனச் சங்கத்திடம் ஏற்கப்பட்ட சின்னமான பிறை இருந்தது, சுதந்திர நாடு இல்லை. இஸ்ரேலியச் சங்கத்துக்கு நாடு இருந்தது, ஆனால் அது தாங்கியிருந்த சிவப்பு தாவீது நட்சத்திரம் உடன்படிக்கையில் இல்லை.

சின்னத்தின் கதை 1864இல் தொடங்குகிறது. போர்க்களத்தில் காயம்பட்டோரைக் காக்கும் முதல் ஜெனீவா உடன்படிக்கை வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையைத் தேர்ந்தது. அது சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டு அந்த நாட்டைச் சிறப்பித்த வடிவம் என்று 1906ஆம் ஆண்டு உடன்படிக்கை வெளிப்படையாகவே எழுதி வைத்தது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குச் சிலுவை சிலுவைதான். 1876இல் பால்கன் போரின் நடுவே, தன் படைவீரர்களின் சமய உணர்வைச் சிலுவை புண்படுத்துகிறது என்று கூறி, ஒட்டோமான் பேரரசு பிறையை ஏந்தியது. எதிர்த்தரப்பின் சிலுவையைத் தான் மதிப்பதாகவும் அது உறுதி கூறியது. பிறகு பாரசீகம் சிவப்புச் சிங்கமும் சூரியனும் கொண்டு வந்தது. 1929 மாநாடு இவ்விரண்டையும், ஏற்கெனவே பயன்படுத்தி வந்த நாடுகளுக்கு மட்டும் என்ற வரம்போடு ஒப்புக்கொண்டது. சிக்கலின் வேர் இந்த 1929 தீர்மானம் என்றே நான் கருதுகிறேன். சிலுவையோடு மட்டும் நின்றிருந்தால், அது சமயச் சின்னம் அல்ல என்று எல்லாரிடமும் ஒரே வாதத்தைச் சொல்லியிருக்கலாம். வேறு இரண்டைச் சேர்த்த பிறகு, நான்காவதாக வருபவரிடம் "உமக்கு மட்டும் இல்லை" என்று சொல்ல நியாயமான காரணம் எது? ஆப்கானிஸ்தான் 1935இல் சிவப்பு வளைவு ஒன்றைக் கேட்டபோதும் இல்லை என்ற பதிலே கிடைத்தது.

1949இல் இன்றைய நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளை வரைந்த மாநாட்டில் இஸ்ரேல் தன் சின்னத்தைச் சேர்க்கக் கேட்டது. ஆதரவாக 21, எதிராக 22, நடுநிலை 7 என்ற கணக்கில் கோரிக்கை தோற்றது. ஒரே ஒரு வாக்கு. எதிர்த்தவர்கள் எல்லாரும் பகையால் எதிர்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நாட்டுக்கு ஒரு சின்னம் என்று பெருகினால், தொலைவிலிருந்து துப்பாக்கியைக் குறிவைப்பவனுக்கு எது காக்கப்பட வேண்டிய வண்டி என்று தெரியாமல் போகும் என்ற அச்சம் உண்மையானது. தன் சின்னத்தையே பயன்படுத்துவோம் என்ற விலக்குக் குறிப்புடன் இஸ்ரேல் உடன்படிக்கைகளை ஏற்றது. அதன் சங்கம் வெளியே நின்றது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு அச்சங்கத்தோடு நடைமுறையில் சேர்ந்து பணியாற்றி வந்தாலும், உறுப்பினர் இருக்கை மட்டும் கொடுக்க இயலவில்லை.

1990களில் குழுவின் தலைவராக இருந்த கார்னேலியோ சோமாருகா, எந்த நாட்டையும் சமயத்தையும் சுட்டாத கூடுதல் சின்னம் ஒன்று வேண்டும் என்ற பேச்சை 1992இல் பொதுவெளிக்குக் கொண்டு வந்தார். 1999இல் கூடிய பன்னாட்டு மாநாடு, அரசுகளும் சங்கங்களும் சேர்ந்த பணிக்குழு ஒன்றை அமைத்தது. அந்த ஆண்டில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத் தலைவர் பதவிக்கு வந்த பெர்னடின் ஹீலி, இஸ்ரேலியச் சங்கத்தைச் சேர்க்காதவரை தேசியச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்புக்குத் தம் சங்கம் செலுத்தும் சந்தாவை நிறுத்தி வைப்பது என்ற கடுமையான வழியை எடுத்தார். பணத்தை நிறுத்தி நெருக்குவது இத்தகைய இயக்கத்துக்கு ஏற்ற முறை என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் விஷயம் மேசையிலிருந்து நழுவிவிடாமல் இருந்ததில் அதற்கும் பங்கு உண்டு. கூடுதல் சின்னத்துக்கான வரைவு தயாராகி, 2000 அக்டோபரில் நாடுகளின் மாநாட்டைக் கூட்டவும் நாள் குறித்தார்கள். செப்டம்பர் இறுதியில் இரண்டாவது இன்திபாதா, அதாவது பாலஸ்தீனர்களின் எழுச்சி, வெடித்தது. மாநாடு தள்ளிப்போய், ஐந்து ஆண்டுகள் கழிந்தன.

மறுமொழி 2
பதிவிட்டவர்: ஜெனீவாவிலிருந்து

மேலே எழுதியவர் சட்டப் பக்கத்தை நன்றாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் 2005இல் முடிச்சு அவிழ்ந்தது சின்னத்தால் மட்டும் அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். படிகத்தின் வடிவத்தைப் பற்றி அப்போது பெரிய சண்டை எதுவும் இல்லை. யார் எந்த நிலத்தில் பணிசெய்வது என்பதே சண்டை.

ஜெனீவா உடன்படிக்கைகளின் மூல ஆவணங்களை வைத்துப் பேணும் காப்பாளர் என்ற முறையில் சுவிட்சர்லாந்து அரசு இரு சங்கங்களையும் பேச வைத்தது. வெளியுறவுப் பொறுப்பிலிருந்த மிஷெலின் கால்மி-ரே முன்னிலையில் 2005 நவம்பர் 28 அன்று இரு சங்கத் தலைவர்களும் ஜெனீவாவில் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பாலஸ்தீன நிலப்பரப்பில் தேசியச் சங்கம் என்பது பாலஸ்தீனச் செம்பிறையே என்றும், இஸ்ரேலின் பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட எல்லைகளுக்கு வெளியே மகேன் டேவிட் அடோமுக்குக் கிளைகள் இருக்காது என்றும் அது கூறியது. இரு அரசுகளால் எழுத முடியாத ஒரு வாக்கியத்தை இரண்டு ஆம்புலன்ஸ் சங்கங்கள் எழுதின. அதன் கனம் இங்கே பலருக்குத் தெரிவதில்லை.

அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த அன்றாடத்தையும் பாருங்கள். மேற்குக்கரையிலிருந்து கிழக்கு ஜெருசலேம் மருத்துவமனைக்குப் போகும் நோயாளியைப் பாலஸ்தீன ஆம்புலன்ஸ் சோதனைச் சாவடி வரைதான் கொண்டு வரும். அங்கே இரண்டு வண்டிகளும் பின்கதவோடு பின்கதவாக நிறுத்தப்பட்டு, ஸ்ட்ரெச்சரை ஒன்றிலிருந்து இழுத்து மற்றதில் ஏற்றுவார்கள். மூச்சுத் திணறும் முதியவரோ பிரசவ வலியில் இருக்கும் பெண்ணோ அந்தத் திறந்தவெளியில் கைமாறுவார்கள். செம்பிறையின் ஆம்புலன்ஸ்கள் கிழக்கு ஜெருசலேமில் நின்று இயங்குவதற்கான ஏற்பாடுகளும் அந்த ஒப்பந்தத்தோடு பேசப்பட்டது இதனால்தான். இயக்கத்தில் சேர்ந்த பிறகும் ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறவில்லை. அதைக் கண்காணிக்க பின்லாந்தின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் பேர் ஸ்டென்பெக்கை நியமிக்க வேண்டியிருந்தது என்பதும், மேற்குக்கரையிலுள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களில் இஸ்ரேலியச் சங்கத்தின் செயல்பாடு அவருடைய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டியவை.

இனி வாக்கெடுப்பு. ஒருமித்த முடிவுதான் எல்லாருடைய விருப்பமும். இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் கோலான் குன்றுகளில் தன் மக்களுக்கு மருத்துவ உதவி செய்யும் வழி குறித்து சிரியா இதையொத்த ஓர் உடன்பாட்டைக் கேட்டது. அது கைகூடவில்லை. ஆகவே 2005 டிசம்பர் 8 அன்று, செம்படிகத்தை ஏற்பதற்காக ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்படும் மூன்றாம் கூடுதல் நெறிமுறை வாக்குக்கு விடப்பட்டு, ஆதரவு 98, எதிர்ப்பு 27, நடுநிலை 10 என்று நிறைவேறியது. சட்டவிதிகளைத் திருத்துவதற்காக 2006 ஜூனில் கூடிய இயக்கத்தின் 29ஆவது பன்னாட்டு மாநாட்டில் 237 வாக்குகள் ஆதரவாகவும் 54 எதிராகவும் விழுந்தன. 18 பேர் நடுநிலை வகித்தார்கள். அந்த மாநாட்டில் அரசுக்கு ஒரு வாக்கும் அந்நாட்டுச் சங்கத்துக்குத் தனியாக ஒரு வாக்கும் உண்டு என்பதால்தான் எண்ணிக்கை இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. சுதந்திர நாடு என்ற நிபந்தனை இருக்கும்போதே பாலஸ்தீனச் சங்கத்தையும் சேர்க்கும்படி அதே மாநாடு கேட்டுக்கொண்டது. இரண்டும் ஒன்றாக உள்ளே வந்தன. ஒன்றை மட்டும் சேர்த்திருந்தால் அந்த எண்கள் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பொறுப்பாசிரியை, நெல்லை

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. இன்னும் ஒரு சந்தேகம். செம்படிகத்தை ஏற்றதால் மகேன் டேவிட் அடோம் தன் நட்சத்திரத்தைக் கைவிட்டுவிட்டதா? இனி வேறொரு நாடும் தன் சின்னத்தைக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? மேலும், வாக்கெடுப்பு பற்றிய என் உறுத்தல் முழுவதும் தீரவில்லை.

மறுமொழி 3
பதிவிட்டவர்: கிழக்குக் கரை

நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். தொண்டராக இருந்த அனுபவத்தில் எழுதுகிறேன். முதலில் உங்கள் சந்தேகம். நட்சத்திரம் கைவிடப்படவில்லை. தன் நாட்டுக்குள் அச்சங்கம் அதை முன்போலவே பயன்படுத்துகிறது. வெளிநாட்டில் பணிக்குச் செல்லும்போது, அந்த நாட்டின் இசைவோடு, படிகத்தின் வெள்ளைப் பகுதிக்குள் நட்சத்திரத்தைப் பொறித்துக் கொள்கிறது. உங்கள் பிள்ளைகள் வெறுமையாக விட்ட அந்த இடம் இதற்குத்தான். சிலுவையையோ பிறையையோ இரண்டையும் சேர்த்தோ கூட அதற்குள் வைக்கலாம். ஆனால் புதிதாக வேறொரு சின்னம் வர முடியாது. நெறிமுறை நிறைவேறுவதற்கு முன்பே நடைமுறையில் இருந்து, காப்பாளர் வழியாக மற்ற நாடுகளுக்கு அறிவிக்கப்பட்ட சின்னத்துக்கே இடம் என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. 1949இல் அஞ்சியவர்களுக்குக் கிடைத்த பதிலாக அதைப் படிக்கலாம். சிலுவையும் பிறையும் சேர்ந்தே வேண்டும் என்று நின்ற எரித்ரியாவுக்கும் இதனால் வழி திறந்தது; ஆயினும் அந்நாட்டுச் சங்கம் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை.

வாக்கெடுப்பு பற்றி. 2009இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டோரை ஏற்றிக்கொண்டு கிரீன் ஓஷன் என்ற கப்பல் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் கொடியோடு எங்கள் ஊருக்கு வந்தது. படகிலிருந்து இறக்கியவர்களில் ஒரு சிறுவன், உலர்ந்த இரத்தத்தால் விறைத்துப் போன துணியைக் காலில் சுற்றியபடி, தாயின் கையை விடாமல் வந்தான். இரண்டு பக்கமும் பீரங்கி முழங்கிய கடலில் அந்தக் கப்பலுக்கு ஆயுதம் எதுவும் துணை இல்லை. இரு தரப்பும் அந்தச் சின்னத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே துணை. அதைப் பார்த்தவன் என்ற முறையில், சின்னத்தின் மேல் கைவைக்க ஜெனீவாவில் இருந்தவர்கள் அத்தனை ஆண்டுகள் தயங்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 27 நாடுகள் எதிர்த்து வாக்களித்தன என்பது வருத்தத்துக்குரியதே. ஆனால் நெறிமுறை எந்த நாட்டையும் தன் சிலுவையையோ பிறையையோ மாற்றச் சொல்லவில்லை. எதிர்த்த நாடுகளின் சங்கங்கள் இயக்கத்தை விட்டு வெளியேறவும் இல்லை.

உங்கள் மாணவியிடம், அது எந்த ஒரு நாட்டுக்கும் உரியது அல்ல, சிலுவையோ பிறையோ தனக்குப் பொருந்தாது என்று கருதும் எவரும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றுக்கும் ஒரே மதிப்பு என்று சொல்லுங்கள். அட்டையில் மூன்றையும் ஒரே அளவில் வரைந்திருக்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், டீச்சர்.