நாரைக்கும் குதிரைக்கும் முட்டி ஏன் பின்பக்கம் துருத்துகிறது?

வரைகோடு:
விலங்குகளை வரைந்து பழகிக்கொண்டிருக்கிறேன். மனிதக் காலை மடக்கினால் முட்டி முன்பக்கம் துருத்துகிறது, ஆனால் நாய், குதிரை, நாரை என்று எதை எடுத்தாலும் பின்னங்காலின் நடுவில் உள்ள மூட்டு பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. முதுகெலும்பிகள் எல்லாவற்றுக்கும் எலும்புச் சட்டகம் அடிப்படையில் ஒன்றுதான் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் முட்டி மட்டும் எப்படித் திரும்பிக்கொண்டது?

எலும்புக்கூடு:
அது முட்டியே இல்லை, கணுக்கால். பின்பக்கம் துருத்துவது குதிகால். இடுப்பிலிருந்து வரிசையாகக் கீழே வாருங்கள்: தொடை எலும்பு, முழங்கால், கெண்டைக்கால் எலும்பு, கணுக்கால், பாதம். இந்த வரிசை மாறுவதில்லை, நீளம்தான் மாறுகிறது. பழகிய நாய் ஒன்று படுத்திருக்கும்போது பின்னங்காலைத் தொட்டுப் பாருங்கள். வயிற்றுக்குப் பக்கத்தில், மடிப்புத் தோலுக்குக் கீழே, முட்டிச்சில்லு உருண்டையாகக் கையில் தட்டுப்படும், நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்துத்தான் இருக்கும். அதற்குக் கீழே, பின்பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருப்பது குதிகால் எலும்பு, கெண்டைக்காலிலிருந்து இறங்கும் கெட்டியான தசைநாண் அதில்தான் வந்து பிடித்திருக்கும்.

மனிதனும் கரடியும் முழுப் பாதத்தையும் ஊன்றி நடக்கிறோம், நாயும் பூனையும் விரல்களை மட்டும் ஊன்றுகின்றன, குதிரை ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கிறது, குளம்பு என்பது அந்த விரலின் நகம். நாரையில் இன்னும் எளிதாக ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் முழங்கால் இறகுக்குள் மறைந்துவிடும், தொடை எலும்பும் குட்டையாகக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்கும். வெளியே மெலிந்து நீளமாகத் தெரிவதில் கீழ்ப்பாதி, பாத எலும்புகள் ஒன்றாக இணைந்து நீண்டது.

குளம்படி:
முன்னங்காலுக்கும் இதே கதைதான். குதிரையின் முன்னங்காலில் எல்லோரும் முட்டி என்று சொல்வது மணிக்கட்டு. அதற்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கு நேராக இருக்கும் எலும்பு. அதன் இரண்டு பக்கமும் மெல்லிய ஈர்க்குப் போல இரண்டு எலும்புகள் ஒட்டியிருக்கும், பக்கத்து விரல்களுக்கு உரியவை அவை, விரல் போய்விட்டது, அடி மட்டும் மிச்சம். அப்புறம், உண்மையிலேயே முழங்கால் பின்பக்கம் பார்க்கிற பாலூட்டி வேண்டுமென்றால் வௌவாலை வரையுங்கள், அதற்கு இடுப்பு மூட்டிலேயே கால் திரும்பியிருக்கிறது.

வரைகோடு:
இப்போது புரிகிறது, நன்றி. அப்படியானால் எலும்பு எண்ணிக்கையும் எல்லாவற்றுக்கும் ஒன்றா?

எலும்புக்கூடு:
இல்லை. பாலூட்டிகளின் கழுத்து முள்ளெலும்புகள் மட்டும் அதிசயமாக 7 என்றே நிற்கின்றன. ஒட்டகச்சிவிங்கிக்கும் 7தான், பெரும்பாலானவை ஒரு சாணுக்கு மேல் நீளம். கழுத்தே இல்லாதது போலத் தெரியும் திமிங்கிலத்துக்கும் 7, தகடு தகடாக நெருக்கியிருக்கும்.

பழையகூடு:
அதிலும் விதிவிலக்கு உண்டு, மானட்டீ (manatee) என்ற வகைக் கடற்பசுவுக்கு 6, மரத்தில் மெல்ல ஊர்ந்து வாழும் மூவிரல் ஸ்லாத்துக்கு (sloth) 8 அல்லது 9. பறவைகளில் இந்தக் கட்டுப்பாடே கிடையாது, அன்னத்துக்கு 20க்கு மேல்.

ஆனால் எண்ணிக்கையையும் உருவத்தையும் பிடித்துக்கொண்டு ஒப்பிட வேண்டாம், எந்த எலும்பு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 1555இல் பியர் பெலோன் என்ற பிரெஞ்சு இயற்கையாளர் மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ஒத்த எலும்புகளுக்கு ஒரே எழுத்தைப் போட்டு அச்சிட்டார், டார்வின் தன் பரிணாம நூலை வெளியிடுவதற்கு முன்னூறு ஆண்டுகள் முன்பு! அந்தப் படத்தைத் தேடிப் பார்த்து வரையுங்கள், உங்களுக்கு மிகவும் உதவும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காது. பல்லியின் தாடை மூட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எலும்புகள் சேர்ந்து அசைகின்றன. பாலூட்டிகளில் தாடை மூட்டு வேறு எலும்புகளுக்கு மாறிவிட்டது, பழைய இரண்டும் சிறுத்து நடுச்செவிக்குள் பட்டை எலும்பும் சுத்தி எலும்புமாகிவிட்டன. உருவத்தை வைத்து யாராலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. கருவளர்ச்சியைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார்கள். பையில் வளரும் பாலூட்டிகளின் குட்டிகளுக்கு, பிறந்த புதிதில் இந்தச் செவி எலும்புகள் கீழ்த்தாடையோடு ஒட்டியே இருக்கின்றன, வளர வளரத்தான் பிரிந்து காதுக்குப் போகின்றன.