தோல்பாவைக் கூத்து: திரைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தீர்கள்? நான்கு பேரின் பதில்கள்

வேலை விஷயமாக இந்தோனேசியாவின் ஜாவா தீவில் யோக்யகர்த்தாவுக்குப் போயிருந்தபோது, உடன் வேலை பார்த்தவர் தன் ஊரில் ஒரு விசேஷ வீட்டில் நடந்த வாயாங் கூலித் என்ற தோல்பாவைக் கூத்துக்குக் கூட்டிப்போனார். நிழல்கூத்துதானே என்று நேராகப் போய் நிழல் விழும் பக்கம் உட்கார்ந்தேன். அங்கே என்னைத் தவிர நாலைந்து கிழவர்கள்தான். ஊரே அந்தப் பக்கம், பாவையாட்டும் டாலாங்கின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்தால்தான் பாவையின் வண்ணம் தெரியும், கேமலான் என்ற வாத்தியக் குழுவில் வாசிப்பவர்களையும் பார்க்கலாம் என்று நண்பர் இழுத்துப் போனார். உண்மைதான். எருமைத்தோலில் பூவேலை மாதிரி துளையிட்டு, வண்ணம் தீட்டி, பொன் பூசியிருக்கிறார்கள். நிழலாக விழப்போகிற பொம்மைக்கு இவ்வளவு ஒப்பனையா என்று முதலில் தோன்றியது.

டாலாங் ஒரே ஆள். எல்லாப் பாத்திரத்துக்கும் அவர்தான் குரல், காலால் உலோகத் தகட்டைத் தட்டித் தாளமும் அவரே. ஆட்டாத பாவைகளை வாழைத்தண்டில் குத்தி வைக்கிறார்கள். பாண்டவர் வலது பக்கம், கௌரவர் இடது பக்கம். இரவு 9 மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை பாரதம். நம் பாரதம்தான், ஆனால் திரௌபதி தருமருக்கு மட்டும்தான் மனைவி! “எங்கள் ஊரில் ஐந்து பேருக்கும்” என்றேன். நண்பர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம் சிகண்டி அங்கே ஸ்ரீகண்டி. அருச்சுனன் மனைவி, வில்லெடுத்துப் போர் செய்கிற பெண். நண்பர் முஸ்லிம், அந்த ஊரில் பெரும்பாலோரும் அப்படித்தான். தருமரிடம் இருக்கும் ‘கலிமசாதா’ என்ற அரும்பொருளின் பெயரே இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழியான கலிமா ஷஹாதாதான் என்று அவர் விளக்கியதையும் கேட்டுக்கொண்டேன்.

நடுநிசி தாண்டியதும் சேமார் வந்தார். தொப்பை வயிறு, மூன்று பிள்ளைகள். பாண்டவர்களுக்கு வேலைக்காரர், உள்ளுக்குள் தெய்வம். இவர் நம் பாரதத்தில் கிடையவே கிடையாது. தூங்கிக்கிடந்த சனமெல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, நானும் சிரித்தேன்.

* * *

நீங்களாவது நாலைந்து கிழவர்களோடு உட்கார்ந்தீர்கள். பாலக்காடு பக்கம் ஒரு பகவதி கோயிலில் ராத்திரி ஒரு மணிக்குக் கூத்துமாடத்தின் (கூத்து நடக்கும் மேடைக் கட்டடம்) முன்னால் இருந்தது நான், என் மச்சான், ஒரு நாய். உள்ளே புலவர் (பாவையாட்டுகிறவருக்கு அங்கே அதுதான் பெயர்) ஆயிரம் பேர் கேட்பது மாதிரி பாடிக்கொண்டிருந்தார். கவனித்தால், கம்பராமாயணம்! பாட்டு தமிழ், விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்தது. மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. பின்னால் வரிசையாகத் தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு.

ஆளே இல்லாமல் யாருக்காக என்று விடிந்ததும் கேட்டேன். பகவதிக்காக என்றார்கள். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் அவள் ராவண வதத்தைப் பார்க்கவில்லையாம். அந்தக் குறை தீர வருஷாவருஷம் நடத்துகிறார்கள். கோயிலுக்குத் தக்கபடி 7 நாள், 14 நாள், 21 நாள் என்று போகும். அப்புறம்தான் உறைத்தது, நாங்கள் உட்கார்ந்திருந்தது அவளுடைய இடம். நாங்கள்தான் அழையா விருந்தாளிகள், நாய் உட்பட.

* * *

சேமார் என்றதும் எங்கள் நாகர்கோவில் பக்கத்துக் கூத்தில் வரும் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஞாபகம் வந்துவிட்டார்கள். இவர்களும் வால்மீகியில் இல்லை, கம்பனில் இல்லை. கூத்து நடத்துகிறவர்கள் வீட்டில் பேசுவது மராத்தி, திரையில் பேசுவது நல்ல நாஞ்சில் தமிழ். சின்ன வயதில் பார்த்ததில் ராவணன் எப்படிச் செத்தான் என்பது மறந்துபோச்சு, உளுவத்தலையன் வாங்கிய அடி மறக்கவில்லை. இங்கிருந்து ஜாவாவுக்குப் போனதா, அங்கிருந்து வந்ததா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ராத்திரி முழுக்கக் கதை நடத்தினால் எந்த ஊரிலும் ஒரு கோமாளி வேண்டியிருக்கும்.

* * *

தாய்லாந்தில் ராட்சபுரி மாகாணத்து வாட் கனோன் புத்தவிகாரையில் நாங்கள் பார்த்ததற்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. அது நாங் யாய், பெரிய தோல் என்று அர்த்தம். பாவைக்குக் கை கால் அசையாது. ஒரே தோலில் முழு உருவத்தையும் வெட்டி, ஓர் ஆள் இரண்டு குச்சியில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஆடுகிறார். திரைக்குப் பின்னாலும் போகிறார், முன்னாலும் வருகிறார். பார்க்க வேண்டியது பாவையை மட்டும் அல்ல, அவர் கால்களையும்தான்.

கதை ராமகியன், அவர்களுடைய ராமாயணம். கூட வந்த வழிகாட்டி, அனுமன் ராவணன் மகளான ஒரு மச்சகன்னியைக் கல்யாணம் செய்வதைச் சொன்னார். சனிக்கிழமை தவறாமல் வடைமாலை சாத்துகிற என் அம்மா, “ஆஞ்சநேயருக்கா?” என்று காதைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாக, “குழந்தை ஏதாவது உண்டா, கேளேன்” என்றாள்.

உண்டாம். மீன் வால் வைத்த குட்டிக் குரங்கு.